ஐசியூவுக்குப் புதிதாக வரும் நர்ஸ் எதைப் படிக்கலாம்? சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

பொது வார்டிலிருந்து ஐசியூவுக்கு வந்தால் எல்லோரும் சொல்வது "நிறையப் படி" என்றுதான். எதைப் படிப்பது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில். கிடைத்ததையெல்லாம் படித்துப் பார்த்தவள் நான். இப்போதும் நான் திறந்து பார்ப்பவை கொஞ்சம்தான். அளவுகோல் இதுதான்: மானிட்டரில் ஓர் எண் மாறினால், டாக்டரைக் கூப்பிடும் முன் நான் எதைப் பார்க்க வேண்டும் என்று அது சொல்லித்தருகிறதா?

ஈசிஜிக்கு 'லைஃப் இன் த ஃபாஸ்ட் லேன்' இணையதளம் போதும். இலவசம். விளக்கத்தை மறைத்துவிட்டு முதலில் நாமே படித்துப் பார்த்தால்தான் பலன். அதே தளத்தின் தீவிர சிகிச்சைக் குறிப்புகள் டாக்டர்களுக்காக எழுதியவை. ஆரம்பத்தில் தலை சுற்றும், அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அமெரிக்க தீவிர சிகிச்சை நர்ஸுகள் சங்கத்தின் 'எக்கோ' கட்டணப் பயிற்சி. இதயம், நுரையீரல், சிறுநீரகம் என்று உறுப்பு மண்டலவாரியாக வரிசையாகப் போகும். அந்த வரிசைதான் அதன் பலம். ஆனால் நீளம்! நைட் டியூட்டி முடித்துவிட்டு உட்கார்ந்தால் கண் சொருகும். மருத்துவமனையே பணம் கட்டி, படிக்க நேரமும் ஒதுக்கினால் தாராளமாக எடுங்கள்.

எனக்குப் பெரிய குறையாகப் பட்டது ரத்த அழுத்தப் பாடங்கள். செப்டிக் ஷாக்கில் (கிருமித் தொற்றால் ரத்த அழுத்தம் ஆபத்தாகச் சரியும் நிலை) சராசரி ரத்த அழுத்தம் 65 மி.மீ. இருக்க வேண்டும் என்று எல்லா வீடியோவும் சொல்லும். திரையில் தெரியும் 65 நிஜமா என்று கேட்கச் சொல்பவை குறைவு. ஆர்ட்டீரியல் லைன் என்பது தமனிக்குள் போட்டு அழுத்தத்தை நேரடியாக அளக்கும் குழாய். அதன் டிரான்ஸ்டியூசர், அதாவது அழுத்தத்தை உணரும் கருவி, நான்காவது விலா இடைவெளியும் அக்குளின் நடுக்கோடும் சந்திக்கும் மட்டத்தில் இருக்க வேண்டும். அது 10 செ.மீ. கீழே இறங்கினால் அழுத்தம் ஏறத்தாழ 7 மி.மீ. கூடுதலாகக் காட்டும். உண்மையில் 58 இருக்கும் நோயாளிக்கு 65 என்று பார்த்து, போதும் என்று விட்டுவிடுவோம். கட்டில் உயரத்தை மாற்றியதும் மட்டத்தைச் சரிபார், அலை தட்டையானால் லைனில் காற்றுக் குமிழி இருக்கிறதா, லைனுக்குள் சலைனைத் தள்ளும் பிரஷர் பேக் 300 மி.மீ.-இல் நிற்கிறதா என்று பார். இதையெல்லாம் எனக்குச் சொல்லித்தந்தது சீனியர் அக்காதான், எந்தப் பாடமும் இல்லை.

வென்டிலேட்டர் வீடியோக்கள் பெரும்பாலும் மோடுகளில் (கருவி மூச்சு தரும் முறைகள்) ஆரம்பிக்கின்றன. புதியவருக்கு முதலில் வேண்டியது அலாரம். திடீரென்று நோயாளி மோசமானால் 'டோப்' என்ற ஆங்கிலச் சுருக்கம் உதவும்: மூச்சுக்காகப் போட்ட குழாய் நகர்ந்ததா, அடைத்ததா, நியூமோதோராக்ஸா (நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்வது), கருவிக் கோளாறா. இதில் தொடங்கும் வீடியோ கிடைத்தால் விடாதீர்கள். ரத்தத்தின் ஆக்சிஜன் சாச்சுரேஷன் இறங்கிக்கொண்டே போனால் ஆட்களைக் கூப்பிட்டுவிட்டு, வென்டிலேட்டரைக் கழற்றி 100 சதவீத ஆக்சிஜனில் ஆம்பு பேக் (கையால் அழுத்தி மூச்சு தரும் பை) போட வேண்டும் என்பதையும் அது சொன்னால் இன்னும் நல்லது.

மருந்துக் கணக்குக்கு ஆப் வைத்திருக்கிறேன், ஆனால் சரிபார்க்க மட்டும். 50 மி.லி.யில் 4 மி.கி. நார்அட்ரினலின் (ரத்த அழுத்தத்தை ஏற்றும் மருந்து) என்றால் ஒரு மி.லி.யில் 80 மைக்ரோகிராம். 60 கிலோ ஆளுக்கு, ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்கு 0.1 மைக்ரோகிராம் வீதம் என்றால் மணிக்கு 4.5 மி.லி. இதைக் கையால் போட்டுப் பழகியவருக்குப் பம்பில் 45 என்று இருந்தால் உடனே உறுத்தும். செறிவு இடத்துக்கு இடம் மாறும் என்பதால் உங்கள் யூனிட்டின் புரோட்டோகால் கோப்புதான் இதில் கடைசி வார்த்தை. அதை முதல் வாரமே கேட்டு வாங்கிவிடுங்கள்.

கேள்வி வங்கிகளை முதல் வருடம் தொட வேண்டாம். அதே அமெரிக்கச் சங்கம் தீவிர சிகிச்சை நர்ஸுகளுக்கு நடத்தும் சிசிஆர்என் சான்றிதழ் தேர்வுக்கே, இரண்டு வருடக் கணக்கில் விண்ணப்பித்தால், 1,750 மணி நேரம் நோயாளிப் பராமரிப்பு கேட்கிறார்கள். அவசரம் ஒன்றும் இல்லை.