80 ரூபாய் கேபிளுக்கு 6,900 ரூபாய் கொடுத்தேன்: கணினியை சர்வீஸுக்குக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

நான் திருச்சியில் வீட்டிலிருந்தபடியே கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறேன். போட்டோகிராபர்கள் மெமரி கார்டைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். படங்களைக் கணினியில் ஏற்றி, தேர்ந்தெடுத்து, பக்கம் பக்கமாக அடுக்கிக் கொடுப்பது என் வேலை. 2018-ல் அசெம்பிள் செய்த கணினி. விண்டோஸ் ஒரு சின்ன எஸ்எஸ்டியில் (சுழலும் தட்டு இல்லாத, வேகமான டிஸ்க்) இருக்கிறது. படங்கள் எல்லாம் 1 டிபி ஹார்டு டிஸ்க்கில். ஏழு வருஷமாக ஒரு தொந்தரவும் இல்லை.

ஆடி கடைசியில், ஆவணி முகூர்த்தங்களுக்கு முன் கொஞ்சம் வேகம் கிடைக்கட்டும் என்று பக்கத்துக் கடையில் ரேம் கூட்டினேன். அடுத்த வாரமே பிரச்சினை ஆரம்பித்தது. 60 ஜிபி படங்கள் உள்ள கார்டு வழக்கமாகப் பன்னிரண்டு பதிமூன்று நிமிடத்தில் ஏறிவிடும். இப்போது இரண்டு மணி நேரம் ஆனது. காப்பி ஆகும் வேகம் விநாடிக்கு 9 எம்பி, 10 எம்பி என்று காட்டும். திடீரென்று பூஜ்யத்துக்குப் போய் சில விநாடி அப்படியே நிற்கும். மறுபடி ஊர்ந்து கிளம்பும். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் எப்போதும் 100 சதவீதம். ரேம் போட்டதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அதே கடைக்கே கொண்டுபோனேன். முதலில் "வைரஸ் மேடம், ஃபார்மட் பண்ணிடலாம்" என்றார்கள். 500 ரூபாய். விண்டோஸைப் புதிதாகப் போட்டுக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் அதே 9 எம்பி.

மறுநாள் மறுபடி போனேன். கடைக்காரர் ஒரு மென்பொருளைத் திறந்து திரையை என் பக்கம் திருப்பினார். 'ரீட் எரர் ரேட்' என்ற வரிக்கு நேராக நீளமாக ஒரு எண். "பாருங்க, லட்சக்கணக்குல எரர். ஹார்டு டிஸ்க் போச்சு மேடம். இன்னும் ரெண்டு நாள் ஓடினா பெரிசு. டேட்டாவே போயிடும்" என்றார். என்னிடம் நான்கு குடும்பங்களின் கல்யாணப் படங்கள் இருந்தன. அந்தப் பயத்தில் வேறு எதையும் யோசிக்கவில்லை. புதிய 2 டிபி டிஸ்க் 5,200, டேட்டா மாற்ற 1,500. பழையதை அவர்களே எடுத்துக்கொண்டு 300 குறைத்தார்கள். ஃபார்மட் காசையும் சேர்த்து மொத்தம் 6,900. கையால் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தார்கள். அதில் சீரியல் எண் இல்லை, கடை முத்திரை இல்லை. நானும் கேட்கவில்லை.

வீட்டில் மாட்டி கார்டைப் போட்டேன். அதே வேகம். போன் செய்தால், "புது டிஸ்க் செட் ஆக ரெண்டு நாள் ஆகும்" என்றார். நான்கு நாள் கழித்துக் கேட்டபோது, "ஹார்டு டிஸ்க்னா இவ்வளவுதான் மேடம். ஸ்பீடு வேணும்னா பெரிய எஸ்எஸ்டி போடுங்க" என்றார். இரண்டும் பொய். செட் ஆவது என்று ஒரு விஷயமே கிடையாது. நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும் சாதாரண டிஸ்க், பெரிய ஃபைலைக் காப்பி செய்யும்போது 150 எம்பியை ஒட்டிப் போக வேண்டும். நிரம்ப நிரம்பக் குறையும், ஏனென்றால் உள்ளே சுழலும் தட்டின் வெளி விளிம்பில்தான் வேகம் அதிகம். உள்பக்கம் போனால் ஏறத்தாழப் பாதிதான். ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்கள் என்றாலும் குறையும், தட்டைப் படிக்கும் முள் ஒவ்வொன்றுக்கும் இடம் மாறி ஓட வேண்டியிருப்பதால். ஆனால் பெரிய ஃபைலுக்கே 9 எம்பி என்றால் எங்கோ கோளாறு இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

அந்த வாரக் கடைசியில் சித்தி மகன் ஒரு விசேஷத்துக்காக சென்னையிலிருந்து வந்திருந்தான். அவனுக்கு வேலையே சர்வர்களோடுதான். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "அக்கா, முதல்ல ஸ்மார்ட் பார்க்கலாம்" என்று கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை இறக்கினான். ஹார்டு டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதிவைக்கும் குறிப்பேடுதான் ஸ்மார்ட். அதை அவன் எனக்கு வரி வரியாகப் படித்துக் காட்டினான். அந்த அரை மணி நேரத்தில் தெரிந்துகொண்டதை எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில், கடைக்காரர் காட்டிய எண். சீகேட் கம்பெனி டிஸ்க்குகளில் ரீட் எரர் ரேட், சீக் எரர் ரேட் என்ற இரண்டு வரிகளின் எண்ணும் நல்ல நிலையிலேயே மிகப் பெரிதாகத்தான் இருக்கும். அவர்கள் கணக்கை எழுதும் முறை அப்படி. என்னுடைய பழைய டிஸ்க்கும் சீகேட்தான். போதாததற்கு கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ எண்களை எழுத்தும் எண்ணும் கலந்த ஹெக்ஸா முறையில் காட்டும். செட்டிங்கில் போய் டெசிமலுக்கு மாற்றினால்தான் நாம் படிக்க முடியும். டிஸ்க் உண்மையிலேயே கெட்டுப்போகிறதா என்று பார்க்க வேண்டிய வரிகள் வேறு. 05 என்பது கெட்டுப்போய் ஒதுக்கிவைத்த செக்டர்களின் (தட்டில் தகவல் எழுதும் சின்னச் சின்னக் கட்டங்கள்) எண்ணிக்கை. சி5 என்பது படிக்க முடியாமல் காத்திருப்பவை. சி6 என்பது மீட்கவே முடியாதவை. இந்த மூன்றும் பூஜ்யமாக இருந்தால் பெரும்பாலும் பயப்பட வேண்டாம். ஏற ஆரம்பித்தால் அன்றைக்கே படங்களை வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள்.

புதிதாக வாங்கிய டிஸ்க்கில் மூன்றும் பூஜ்யம். ஆனால் சி7 என்ற வரியில் 612 இருந்தது. அதன் பெயர் சிஆர்சி எரர் கவுண்ட். டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவில் தகவல் போகும்போது கூடவே ஒரு சரிபார்ப்பு எண்ணும் போகும். போய்ச் சேர்ந்த இடத்தில் கணக்கு உதைத்தால் அதைத் திரும்ப அனுப்பச் சொல்லும். அப்படி ஒவ்வொரு முறை உதைக்கும்போதும் சி7-ல் ஒன்று கூடும். அதாவது தட்டில் கோளாறு இல்லை, வழியில்தான் கோளாறு. தம்பி 5 ஜிபி ஃபோல்டர் ஒன்றைக் காப்பி செய்தான். 612 என்பது 655 ஆனது.

கேபினெட்டைத் திறந்தோம். டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிள் டிஸ்க் பக்கம் செங்குத்தாக மடிந்து, பக்கவாட்டுத் தகடு அதை அழுத்திக்கொண்டிருந்தது. முனையில் இருக்கும் லாக் உடைந்து கேபிள் தொளதொளவென்று தொங்கியது. ரேம் போட்டபோது இழுத்து மாட்டியிருக்கிறார்கள் என்பது என் சந்தேகம். நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை. தெருமுனைக் கடையில் 80 ரூபாய்க்குப் புதுக் கேபிள் வாங்கி மாட்டினோம். 155 எம்பி. 40 ஜிபி காப்பி செய்தும் சி7 அந்த 655-ஐ விட்டு நகரவில்லை. இந்த எண் தானாக ஒருபோதும் குறையாது; மேலே ஏறுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

அவ்வளவுதான் என்று நினைத்தேன். தம்பி திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "அக்கா, இது புதுசுன்னு சொல்லியா கொடுத்தாங்க?" என்றான். பவர் ஆன் ஹவர்ஸ் என்ற வரியில் 26,412 மணி நேரம் இருந்தது. மூன்று வருஷம் இரவு பகலாக ஓடிய கணக்கு. அத்தனை மணி நேரத்துக்கு அதை ஆன் செய்த தடவையோ 41 தான். வீட்டுக் கணினியைத் தினமும் ஆன் செய்து ஆஃப் செய்வோம். வருஷக்கணக்கில் அணைக்காமல் ஓடியது என்றால் அநேகமாக ஏதோ கடையின் சிசிடிவி பெட்டிக்குள் இருந்திருக்கும் என்றான் தம்பி. லேபிளில் தயாரிப்புத் தேதி இருக்கும் இடத்தில் கடையின் வாரண்டி ஸ்டிக்கரை ஒட்டியிருந்தார்கள். டிஸ்க்கைத் தயாரித்த கம்பெனியின் இணையதளத்தில் சீரியல் எண்ணைப் போட்டோம். வாரண்டி எப்போதோ முடிந்திருந்தது.

இந்த மணிக்கணக்கையே அழித்துவிட்டு விற்கிறவர்களும் இருக்கிறார்கள். 2025 ஜனவரியில் ஜெர்மனியில் இது பெரிதாக வெளிவந்தது. பயன்படுத்திய சீகேட் எக்ஸோஸ் டிஸ்க்குகளின் ஸ்மார்ட் கணக்கைப் பூஜ்யமாக்கி, புதியவை என்று சில்லறைக் கடைகள் வழியாக விற்றிருந்தார்கள். ஃபார்ம் என்ற இன்னொரு உள்குறிப்பு அழியாமல் இருந்ததால்தான் பிடிபட்டது. ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற இலவசக் கருவியின் புதிய பதிப்பு அதைப் படித்துக் காட்டும். ஆக, மணிக்கணக்கு பூஜ்யம் என்பதால் மட்டும் நிம்மதி அடைய வேண்டாம். சீரியல் எண்ணை கம்பெனி இணையதளத்தில் போட்டுப் பார்ப்பது அதைவிட நல்லது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். புத்தம் புதிய டிஸ்க்கிலும் காப்பி வேகமாக ஆரம்பித்து, கொஞ்ச நேரத்தில் படுத்துவிட்டால் அது எஸ்எம்ஆர் வகையா என்று பாருங்கள். தடங்களை ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி எழுதும் முறை அது. தொடர்ந்து எழுதும் வேலைக்கு ஒத்து வராது. 2020 ஏப்ரலில் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம், தன் ரெட் வரிசையில் சில மாடல்களில் அந்த முறையைச் சொல்லாமலே பயன்படுத்தியதை ஒப்புக்கொள்ள வேண்டிவந்தது. வெளியில் மாட்டும் டிஸ்க் 35, 40 எம்பியிலேயே நின்றால் பெரும்பாலும் யுஎஸ்பி 2 போர்ட்டில் செருகியிருப்பீர்கள். போர்ட்டை மாற்றினால் போதும்.

சரி, என் பழைய டிஸ்க். உயிரோடு இருக்கும் டிஸ்க்கை 300 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன் என்று புரிந்ததும் கை நடுங்கியது. நான்கு குடும்பங்களின் படங்களும் அதிலும் இருந்தன. தம்பியைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். "அது ஸ்கிராப்புக்குப் போயிடுச்சு மேடம்" என்றார். நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அங்கேயே நின்று போன் செய்யப்போகிறேன் என்றேன். நாளைக்கு வாருங்கள் என்றார்.

மறுநாள் டிஸ்க் வந்தது. வெள்ளி நிற உறைக்குள் போட்டு, வாயை ஒட்டி, மேலே கடையின் புது வாரண்டி ஸ்டிக்கரோடு. அடுத்த ஆளுக்குப் புதியது என்று விற்கத் தயாராக இருந்தது.

வீட்டில் மாட்டிப் பார்த்தோம். 05, சி5, சி6 மூன்றும் பூஜ்யம். சி7-ல் மட்டும் 4,118. வேகம் 140 எம்பி. குயிக் ஃபார்மட் செய்திருந்தார்கள். தெரிந்துகொள்ளுங்கள், குயிக் ஃபார்மட் செய்தால் படங்கள் அழியாது, அட்டவணை மட்டும்தான் அழியும். இலவச ரெக்கவரி மென்பொருளை ஓட விட்டதும் ஒரு நலங்கு வீட்டுப் படங்கள் வரிசையாக வந்து நின்றன. எனக்கு வந்தது போல அந்த டிஸ்க்கை வாங்குகிற யாருக்கும் வந்திருக்கும்.

அப்புறம் எல்லாவற்றையும் பழைய டிஸ்க்குக்கே திருப்பிக் காப்பி செய்து, சரிபார்த்து, இன்னொரு பிரதியும் எடுத்துவைத்தேன். சிசிடிவி டிஸ்க்கை முழு ஃபார்மட் போட்டேன். குயிக் என்ற கட்டத்தில் இருக்கும் டிக்கை எடுத்துவிட்டால் விண்டோஸ் டிஸ்க் முழுவதும் பூஜ்யத்தை எழுதும். நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதைத் திருப்பிக் கொடுத்தபோது டிஸ்க்குக்கான 4,900 வந்தது. ஃபார்மட்டுக்கும் டேட்டாவுக்கும் கொடுத்த 2,000 வரவில்லை. சீரியல் எண்ணோடு முறையான பில் இருந்திருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கே போயிருப்பேன். 5 லட்சம் வரை அங்கே கட்டணமும் கிடையாது. கணினியைக் கடையில் விடும் முன் உள்ளே இருக்கும் டிஸ்க்கின் லேபிளைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய டிஸ்க்கை, செத்தே போயிருந்தாலும், கையோடு வாங்கி வந்துவிடுங்கள். முந்நூறு ரூபாய்க்காக விடாதீர்கள்.

அந்த டிஸ்க் ஆறு நாள் அவர்களிடம் இருந்தது. யாராவது எதையாவது எடுத்தார்களா என்று கண்டுபிடிக்க வழியில்லை. நான்கு வீட்டுக்கும் நானே போன் செய்து நடந்ததைச் சொன்னேன். மூன்று வீட்டில் பரவாயில்லை என்றார்கள். ஒரு மணப்பெண்ணின் அம்மா மட்டும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பொண்ணு அலங்காரம் பண்ணிக்கிட்ட படமெல்லாம் அதுல இருந்துச்சாம்மா?" என்று கேட்டார். இருந்தது என்று சொன்னேன்.