ஞாயிற்றுச் சந்தையில் மாம்பழப் பெட்டி வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

பெங்களூரில் அல்சூர், இந்திரா நகர் பக்கம் இருக்கிற நம்மவர்கள் நிறையப் பேர் ஞாயிற்றுக்கிழமை உழவர் சந்தைக்குப் போகிறோம். விவசாயி கையிலிருந்தே வாங்குகிறோம் என்ற நம்பிக்கையில் கடையைவிடக் கிலோவுக்கு முப்பது நாற்பது ரூபாய் கூடக் கொடுக்கவும் யோசிப்பதில்லை. அந்த நம்பிக்கையை வைத்தே என்னை ஏமாற்றிவிட்டார்கள். உங்களுக்கும் நடக்கக் கூடாது என்றுதான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

ஏப்ரல் மூன்றாவது ஞாயிறு. நானும் மகளும் போனோம். முதலில் அக்கி ரொட்டி (அரிசி மாவு ரொட்டி), ராகி அம்பலி (கேழ்வரகுக் கூழ்) சாப்பிட்டோம். அந்தக் கடையை ஒரு குறை சொல்ல முடியாது, ரொட்டியில் சப்சிகே (சதகுப்பை) கீரை அள்ளிப் போட்டிருந்தார்கள். அடுத்த வரிசையில் மாம்பழக் கடை. கடைக்காரர் தோளில் இங்கே விவசாயச் சங்கத்தார் போடும் பச்சைத் துண்டு, மேசை மேல் வைக்கோல். நாங்கள் தமிழில் பேசுவதைக் கேட்டதும் அவரும் தமிழுக்கு மாறினார். "நம்ம தோட்டத்துப் பாதாமி அண்ணா, ஸ்ரீனிவாசபுரா. மருந்தே அடிக்கறதில்ல. பாப்பா, சாப்பிட்டுப் பாரும்மா." பாதாமி என்பது இங்கே அல்போன்சா மாம்பழத்துக்குச் சொல்லும் பெயர், ஸ்ரீனிவாசபுரா கோலார் மாவட்டத்து ஊர். தட்டில் இருந்த துண்டு தேனாக இனித்தது. மகள் மூன்று துண்டு சாப்பிட்டாள். 5 கிலோ பெட்டி 900 ரூபாய். டேப் ஒட்டிய பெட்டியைத் தராசில் வைத்து எடுத்தார். தராசின் எண் அவர் பக்கம் பார்த்திருந்தது. நான் எட்டிப் பார்க்கவில்லை.

மறுநாள் கிருஷ்ணகிரியிலிருந்து அம்மா வந்தார். எங்களுக்கு அங்கே மாந்தோப்பு உண்டு. பெட்டியைத் திறந்ததுமே, "நம்ம தோப்புலயே இன்னும் காய் முத்தல, கோலார்ல அதுக்குள்ள பழுத்துருச்சா?" என்று கேட்டார். சரியான கேள்வி. ராமநகரப் பக்கத்துப் பழம்தான் முதலில் வரும், ஸ்ரீனிவாசபுரத்துப் பழம் வர மே மாதம் ஆகும். எல்லாப் பழமும் மஞ்சள் பூசினாற்போல ஒரே நிறம். காம்பை முகர்ந்தால் வாசனையே இல்லை. ஒன்றை அறுத்தோம். தோலை ஒட்டி மஞ்சள், கொட்டையைச் சுற்றி வெள்ளையாகக் கல்லாக இருந்தது, வாயில் வைத்தால் புளிப்பு.

காகிதச் சுருளை எடுத்ததும், அடியில் செய்தித்தாளில் மடித்த சின்னப் பொட்டலம் ஒன்று. பிரித்தால் சாம்பல் நிறத்தில் சுண்ணாம்பு போன்ற தூள், பூண்டு நாற்றம். கார்பைடு கல். ஈரம் பட்டால் அதிலிருந்து அசிட்டிலின் வாயு வந்து தோலை மஞ்சளாக்கும். ஆர்சனிக்கும் பாஸ்பரஸும் கலந்திருக்கும் என்பதால் இதை வைத்துப் பழுக்கவைப்பது நாடு முழுவதும் தடை. பழுக்கவைக்க எத்திலின் வாயுவுக்கு அளவோடு அனுமதி உண்டு, அதற்கும் பொட்டலம் வைப்பார்கள், ஆகவே பொட்டலம் இருந்தாலே கார்பைடு என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சுண்ணாம்புத் தூளும் பூண்டு நாற்றமும் இருந்தால் சந்தேகமே வேண்டாம். அம்மா முழுப் பெட்டியையும் குப்பையில் போடச் சொன்னார். போடுமுன் கீழே மளிகைக் கடைத் தராசில் பழத்தை மட்டும் நிறுத்தேன். 4 கிலோ 100 கிராம். மீதி 900 கிராம் அட்டையும் காகிதமும்.

அன்று ராத்திரிதான் போனில் பணம் அனுப்பிய ரசீதைப் பார்த்தேன். பணம் போயிருந்தது ஏதோ ஒரு 'ட்ரேடர்ஸ்' பெயருக்கு.

அடுத்த ஞாயிறு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அதே துண்டு, அதே வைக்கோல். இம்முறை சற்று நின்று கவனித்தோம். தட்டில் வைக்கும் துண்டுகளை மேசைக்கு அடியில் இருந்த வேறு கூடைப் பழத்திலிருந்து அறுத்துக்கொண்டிருந்தார். அம்மா மெதுவாக, "எத்தனை மரம் தம்பி? இந்த வருஷம் பூ எப்பப் பிடிச்சது?" என்று கேட்டார். அவருக்குப் பதில் வரவில்லை. பொட்டலத்தைக் காட்டியதும், 400 ரூபாய் தருகிறேன், சத்தம் போடாதீர்கள் என்றார். நான் வாங்கவில்லை. சந்தை நடத்துகிறவர்களிடம் போனால், இடம் வாடகைக்குக் கொடுப்பதோடு எங்கள் வேலை முடிந்தது என்று கையை விரித்தார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். பொட்டலத்தின் படம், ரசீது, எடைச்சீட்டு எல்லாம் பத்திரமாக இருக்கின்றன.

நீங்கள் போனால் பெட்டியை அங்கேயே பிரிக்கச் சொல்லுங்கள், நீங்கள் காட்டும் பழத்தை அறுத்து ருசி பாருங்கள். எண் உங்கள் பக்கம் தெரியாத தராசில் எதையும் வாங்காதீர்கள். சந்தேகமாக இருந்தால் கையில் இருக்கும் பிரிக்காத ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டைத் தராசில் வைத்துப் பாருங்கள். ஒரே கடையில் மாம்பழமும் ஆப்பிளும் ஊட்டி கேரட்டும் இருந்தால் அது ஒரே தோட்டத்து விளைச்சல் இல்லை.

எனக்கு 900 ரூபாய் போனதைவிட மனதை அறுப்பது வேறு. அந்தக் கடையில் நாங்கள் வரிசையில் நின்றபோது, எதிரே ஹொஸ்கோட்டையிலிருந்து விடியற்காலை பஸ் ஏறி வந்த ஓர் அம்மா கீரைக்கட்டுகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேரில் மண் ஒட்டியிருந்த கீரை. பத்து மணிக்கும் பாதிக் கட்டு விற்கவில்லை. கட்டு 20 ரூபாய். அவரிடம் க்யூஆர் கோடு கிடையாது, போகும்போது சில்லறை எடுத்துப் போங்கள்.