நால்ட்ரெக்சோன் 50 மி.கி. மாத்திரை: அஸ்தம்பட்டி ஜெயிலில் இருந்து வெளியே வருபவருக்கு உதவுமா?

அஸ்தம்பட்டியில் உள்ள சேலம் மத்தியச் சிறையில் இருந்து ஜாமீனில் வருகிறவருக்கு முதல் நாள் வீட்டில் தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டுவார்கள், கறிச்சோறு போடுவார்கள். ஆஸ்பத்திரி ஞாபகம் யாருக்கும் வருவதில்லை. வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றியவர், ஹெராயின் எடுத்தவர் ஆகியோருக்கு, அந்தப் போதை ஏறாமல் தடுக்கும் நால்ட்ரெக்சோன் மாத்திரையைத் தொடங்க அந்த முதல் வாரத்தைப் போல் இன்னொரு வாரம் அமையாது.

டேபென்டடால், டிராமடால் வலி மாத்திரைகள், ஹெராயின் ஆகிய அபின் வகை எல்லாம் மூளையில் போய் ஒட்டும் இடத்தில் இது முன்னாடியே போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு ஊசி போட்டாலும் ஏறாது. இதற்கென்று போதை கிடையாது, பழக்கமும் ஆகாது. அமெரிக்காவில் அபின் வகைப் பழக்கத்துக்கு 1984இலும், குடிக்கு 1994இலும் அனுமதி பெற்ற பழைய மருந்து. நம்மூர் மருந்துக்கடைகளில் டாக்டர் சீட்டுக்கு நோடிக்ட், நால்டிமா போன்ற பெயர்களில் வரும். கஞ்சாவுக்கு இது வேலை செய்யாது. உள்ளே போனது கஞ்சா கேஸில் என்பதற்காக இதை எழுதித்தரக் கேட்டால் காசுதான் வீண்.

இதைத் தொடங்க உடம்பில் அபின் வகை எதுவும் இல்லாமல் 7 முதல் 10 நாள் போயிருக்க வேண்டும். வெளியில் இருப்பவர்களில் பெரும்பாலோர் தோற்பது இந்தப் பத்து நாளில்தான். இரண்டு மூன்று மாதம் ரிமாண்டில் கிடந்தவருக்கோ அந்தக் கஷ்டம் எப்போதோ முடிந்திருக்கும். ஆனாலும் ‘உள்ளே ஒன்றும் எடுக்கவில்லை’ என்ற சொல்லை மட்டும் நம்பி மாத்திரையைக் கையில் கொடுத்துவிடக் கூடாது. முதலில் சிறுநீர்ப் பரிசோதனை. டாக்டருக்குச் சந்தேகம் இருந்தால் இதே வேலையைக் கொஞ்ச நேரம் மட்டும் செய்யும் நாலாக்சோன் ஊசியைச் சிறிய அளவில் போட்டுப் பார்ப்பார். அபின் வகை மிச்சம் இருக்கும் உடம்பில் நால்ட்ரெக்சோன் போனால் சில நிமிடங்களில் வாந்தி, பேதி, வியர்வை, உடம்பு முறுக்கல் எல்லாம் ஒன்றாகக் கிளம்பும். இரண்டு நாள்கூட நீடிக்கும். அப்படி ஒருமுறை பட்டவர் மறுபடி இந்த மாத்திரைப் பக்கமே வரமாட்டார். மகனுக்குத் தெரியாமல் ரசத்தில் கரைத்து ஊற்றும் அம்மாக்கள் இதை முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். அக்கறையில் செய்வதுதான், ஆனால் பிள்ளை ஐ.சி.யூ.வில் போய்ப் படுக்கும்படி ஆகலாம்.

அடுத்து ஈரல். எல்.எஃப்.டி. ரத்தப் பரிசோதனை பார்க்காமல் தொடங்க வேண்டாம். என்சைம் அளவு இயல்பைப் போல மூன்று முதல் ஐந்து மடங்குக்கு மேல் இருந்தால் டாக்டர்கள் பொதுவாகத் தள்ளிப்போடுவார்கள். ஊசி பகிர்ந்தவர் என்றால் ஹெபடைடிஸ் சி, எச்.ஐ.வி. இரண்டும் பார்த்தே ஆக வேண்டும். எச்.ஐ.வி.க்கு அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் பரிசோதனை இலவசம். ஹெபடைடிஸ் சி இருந்தால் 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் மருந்தும் இலவசம்.

முதல் நாள் அரை மாத்திரை, அதாவது 25 மி.கி. தொந்தரவு இல்லையென்றால் மறுநாள் முதல் தினம் ஒன்று. சாப்பிட்ட பிறகுதான். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். முதல் வாரத்தில் தலைவலியும் கிறுகிறுப்பும் வரலாம். தறிச் சத்தத்திலும் வெக்கையிலும் பன்னிரண்டு மணி நேரம் நிற்பவர், கொலுசுப் பட்டறையில் நெருப்புக்கு முன் குனிந்து உட்காருபவர் எல்லாம் லீவு நாளுக்கு முந்தின ராத்திரி தொடங்குவது நல்லது. லாரி ஓட்டுபவர் முதல் சில நாள் ஸ்டியரிங்கைத் தொடாமல் இருக்கட்டும்.

தினமும் கொடுக்க வீட்டில் ஆள் இல்லையென்றால் இன்னொரு கணக்கு உண்டு: திங்கள் 100, புதன் 100, வெள்ளி 150 மி.கி. 50 மி.கி. ஒரு நாளுக்குத் தாங்கும், 100 இரண்டு நாளுக்கு, 150 மூன்று நாளுக்கு. ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிக்கும் நாட்களில் எஸ்டேட்டிலேயே தங்குபவர்களுக்கு இது ரொம்பப் பொருந்தும். வாரத்தில் மூன்றே நாள் ஒருவர் கண்ணெதிரே கொடுத்தால் போதும். டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள், நீங்களாகக் கூட்ட வேண்டாம்.

கண்ணெதிரே என்று சொல்வதில்தான் இந்த மருந்தின் பலமும் பலவீனமும். டப்பாவை அவர் கையிலேயே கொடுத்து ‘ஒழுங்கா சாப்பிடு’ என்று விட்டுவிட்டால் வெற்று மாத்திரைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இருப்பதில்லை. நிறுத்த உடம்பு வலிக்காது, அதனால் நிறுத்துவது அவ்வளவு சுலபம். கன்னத்தில் ஒதுக்கி வைத்துத் துப்புவதும் நடக்கும். மாத்திரையைப் பொடித்து அரை டம்ளர் தண்ணீரில் அவருக்குத் தெரிந்தே கலந்து கொடுங்கள். கசக்கும், பரவாயில்லை. கொடுத்த பிறகு ஐந்து நிமிடம் பேசிக்கொண்டிருங்கள். போலீஸ் மாதிரி நிற்க வேண்டாம், சோதனை என்று தோன்றினால் சண்டையில் முடியும்.

பயம் வேறு இடத்தில் இருக்கிறது. ஜெயிலில் இருந்த மாதங்களிலும் நால்ட்ரெக்சோன் சாப்பிட்ட மாதங்களிலும் உடம்பு பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்துவிடும். மனசுக்கு மட்டும் பழைய அளவு ஞாபகம் இருக்கும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சிறையில் இருந்து விடுதலையானவர்களைப் பற்றி 2007இல் வந்த ஆய்வில், முதல் இரண்டு வாரத்தில் அளவு மீறிச் சாகும் அபாயம் மற்றவர்களைவிட 129 மடங்கு என்று கண்டார்கள். மாத்திரையை விட்ட நாலாவது நாளும் அதே மாதிரி ஒரு நாள்தான். மாத்திரை உள்ளே இருக்கும்போது ‘இன்னும் ரெண்டு போட்டா ஏறும்’ என்று மேலே மேலே ஏற்றுவதும் உயிரை எடுக்கும். மூச்சு மெதுவாகி உதடு நீலம் பாய்ந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து உடனே 108. போலீஸ் வருமோ என்று யோசித்துக்கொண்டு நிற்கும் நேரம் அது இல்லை.

இந்த மாத்திரையை இரண்டு மூன்று முறை பாதியில் விட்டுவிட்டவருக்கு, தினசரி ஊசி என்று இருந்தவருக்கு, எங்கள் தேர்வு நால்ட்ரெக்சோன் இல்லை. நாக்குக்கு அடியில் வைக்கும், தானும் அபின் வகையைச் சேர்ந்த புப்ரெனார்ஃபின் மாத்திரைதான். ஆளைச் சிகிச்சையில் நிறுத்தி வைப்பதிலும் சாவைக் குறைப்பதிலும் அது மேல். சாதாரண மருந்துக்கடையில் கிடைக்காது, போதைச் சிகிச்சை மையத்துக்கு நடக்க வேண்டும். ‘ஒரு போதையை விட்டு இன்னொரு போதையா’ என்று சொந்தக்காரர்கள் சொல்வதைக் காதில் வாங்காதீர்கள்.

அலைச்சலிலும் ஒரு சிக்கல் உண்டு. கண்டிஷன் பெயிலில் ஸ்டேஷன் கையெழுத்து காலை 10.30 என்று இருந்தால், பெரியாஸ்பத்திரி ஓ.பி. வரிசையும் அதே நேரத்தில் வந்து முட்டும். விடியற்காலையிலேயே சீட்டுப் போடுங்கள். இல்லையென்றால் வக்கீலிடம் சொல்லி நேரத்தை மாற்றக் கேளுங்கள். வக்கீலுக்குக் காசில்லை என்றால் இலவச சட்ட உதவிக்கு 15100. ஓ.பி. சீட்டு, ரத்த ரிப்போர்ட் எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும். போதைப்பொருள் சிறிய அளவில் பிடிபட்ட வழக்கில் தண்டனை வந்தாலும் 1985 போதைப்பொருள் சட்டத்தின் 39ஆம் பிரிவில், ஆளின் சம்மதத்தோடு சிகிச்சைக்கு அனுப்ப நீதிமன்றத்துக்கு வழி இருக்கிறது. அப்போது அந்த ஃபைல் பேசும்.

கண்ணெதிரே கொடுக்கப் பக்கத்தில் ஆள் இருந்தால் இந்த மருந்துக்கு எங்கள் மதிப்பெண் 5க்கு 4. தனியாக அறை எடுத்துத் தங்குபவர் என்றால் 2 மதிப்பெண்தான்.

சட்டைப்பையில் ஒரு சீட்டு எப்போதும் இருக்கட்டும். விபத்தில் அடிபட்டால் டிராமடால், மார்ஃபின் போன்ற வலி ஊசிகள் இவருக்குக் கேட்காது, டாக்டருக்கு அது தெரிய வேண்டும். தமிழிலேயே எழுதலாம்: ‘நான் நால்ட்ரெக்சோன் 50 மி.கி. சாப்பிடுகிறேன். கடைசியாகச் சாப்பிட்ட நாள், நேரம்: ____. அபின் வகை வலி மருந்து வேலை செய்யாது. வேறு வழியில் வலி குறைக்கவும். வீட்டு எண்: ____.’ தேதியைப் பென்சிலில் எழுதுங்கள், தினம் அழித்து மாற்ற வசதி.