பதிவுச் சபையா, வீட்டுச் சபையா?

சீனாவின் புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பதிவுச் சபை, அதாவது அரசு ஏற்ற 'மூன்று தற்சார்பு' இயக்கத்தின் சபை. 1950-களில் உருவானது, அந்நிய மிஷன்களின் பிடி கூடாது என்பது அதன் அடிப்படை. அங்கே வெளிப்படையாக ஆராதிக்கலாம், நாஞ்சிங்கில் அச்சாகும் பைபிளை வாங்கலாம். ஆனால் பிரசங்கம் ஆளும் கம்யூனிஸ்ட் கட்சிக்கு உகந்ததாக இருக்க வேண்டும். பல ஊர்களில் சிறுவர்களுக்கு ஞாயிறு பள்ளியும் கிடையாது.

இன்னொன்று, அரசிடம் பதிவு செய்யாமல் கூடும் வீட்டுச் சபை. அதற்கு அந்தக் கட்டு இல்லை. ஆனால் விலை கடுமையானது. பெய்ஜிங் சீயோன் சபை கண்காணிப்புக் கேமரா பொருத்த மறுத்தது. 2018 செப்டம்பரில் அதிகாரிகள் அதை மூடிவிட்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில் செங்டு நகரின் 'முன்மாரி' சபைப் போதகர் வாங் யீ கைதானார். மறுவருடம் 9 ஆண்டு சிறைத்தண்டனை.

என் மனம் வீட்டுச் சபையின் பக்கம்தான். அதற்காகப் பதிவுச் சபைக்குப் போகிறவர்களைக் கோழைகள் என்பது அநியாயம். சரி, பதிவு செய்தால் நிம்மதியா என்றால் அதுவும் இல்லை. செஜியாங் மாகாணத்தில் வென்சோ நகருக்கு அருகே சான்ஜியாங் ஆலயம் பதிவு பெற்றதுதான். அனுமதித்த அளவை மீறிக் கட்டியதாக அதிகாரிகள் சொன்னார்கள். விசுவாசிகள் திரண்டு காவல் இருந்தும் 2014 ஏப்ரலில் இடித்தார்கள். அப்புறம் அந்த மாகாணமெங்கும் நூற்றுக்கணக்கான ஆலயங்களின் சிலுவைகளைக் கழற்றினார்கள். அவற்றில் பதிவுச் சபைகளும் இருந்தன.