குழந்தைகளோடு ஸ்கீ பழக: கிம்பர்லியா, ஃபெர்னியா?

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் இருக்கும் கால்கரியில் முதல் பனி விழுந்ததும், பிள்ளைகள் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்குள் ஒரு பேச்சு தொடங்கிவிடும்: இந்த வருஷமாவது பனியில் சறுக்கும் ஸ்கீ பழகலாமா, போனால் எங்கே? காலையில் போய் மாலையில் திரும்ப, பக்கத்திலேயே மலைகள் இருக்கின்றன. ஆனால் மூன்று நான்கு நாள் தங்கி, பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து பழக வேண்டும் என்றால் பக்கத்து மாகாணமான பிரிட்டிஷ் கொலம்பியாவின் தென்கிழக்கு மூலையில் இருக்கும் இரண்டு பழைய சுரங்க ஊர்களின் பெயர்தான் அதிகம் அடிபடும். ஒன்று ஃபெர்னி, இன்னொன்று கிம்பர்லி. இரண்டு மலைகளையும் நடத்துவது ஒரே நிறுவனம், ஆனால் குணம் முற்றிலும் வேறு. வீட்டில் எல்லாருமே புதியவர்கள் என்றால் நான் தயங்காமல் கிம்பர்லி என்றுதான் சொல்வேன்.

ஃபெர்னிக்குப் புகழ் வந்ததே பனியால்தான். வருஷத்துக்கு ஏறத்தாழ 9 மீட்டர் கொட்டுகிறது. கிம்பர்லியில் அதில் பாதிகூட இல்லை, 4 மீட்டர் அளவுதான். உச்சியிலிருந்து அடிவாரம் வரையிலான இறக்கம் ஃபெர்னியில் 1,082 மீட்டர், கிம்பர்லியில் 751. எண்களை மட்டும் வைத்துப் பார்த்தால் ஃபெர்னிதான் மேல், நண்பர்கள் அதைச் சொல்வதும் அதனால்தான். ஆனால் முழங்கால் ஆழப் புதுப்பனி என்பது நன்றாகச் சறுக்கத் தெரிந்தவருக்குத்தான் வரம். ஆறு வயதுப் பிள்ளை அதில் விழுந்தால் எழுந்து நிற்பதே பெரும்பாடு, கழன்றுபோன ஸ்கீயைப் பனிக்குள் துழாவி எடுப்பது அதைவிடப் பெரும்பாடு, அதற்குள் கையுறை நனைந்து பிள்ளை அழத் தொடங்கிவிடும். பழகுகிறவருக்கு வேண்டியது இயந்திரம் ஓட்டிச் சமன் செய்த, கெட்டியான, அகலமான சரிவு. அது 4 மீட்டர் பனி விழும் மலையிலும் கிடைக்கும்.

ஃபெர்னியின் மேல்பகுதி ஐந்து பெரிய பள்ளங்களாக விரிந்திருக்கிறது, அவற்றின் தலைமாட்டில் செங்குத்தான பாறைச் சுவர். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் பனி அதிகமாக விழுந்த காலைகளில், பாதுகாப்புக் குழு வெடி வைத்துத் தளர்ந்த பனியை இறக்கிவிட்ட பிறகுதான் மேல்பகுதியைத் திறப்பார்கள். புதியவர்களுக்கு அடிவாரத்தில் தனி இடம் இருக்கிறது, குறை சொல்ல முடியாத இடம். சிக்கல் என்னவென்றால் அடிவாரத்தின் உயரம் 1,050 மீட்டர்தான், மேற்கிலிருந்து மிதமான காற்று வந்துவிட்டால் மேலே பனியாக விழுவது கீழே மழையாக விழும், அப்போது நனைவது அங்கேயே நிற்கும் பிள்ளைகள்தான். அதைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. சறுக்கத் தெரிந்த அப்பா மேலே போய்விடுவார், தெரியாத அம்மாவும் பிள்ளைகளும் நாள் முழுக்க கீழேயே இருப்பார்கள். குடும்பமாக வந்ததற்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும்.

கிம்பர்லி இந்த இடத்தில்தான் ஜெயிக்கிறது. அடிவாரத்திலிருந்து நார்த்ஸ்டார் என்கிற நாலு பேர் உட்காரும் லிஃப்ட் நேராக உச்சிக்குக் கொண்டுபோகும், அங்கிருந்து பச்சை அடையாளம் போட்ட எளிய பாதையிலேயே அடிவாரம் வரை இறங்கி வரலாம். அடிவாரத்துச் சிறு சரிவில் நிற்கவும் திரும்பவும் பழகிய பிள்ளை, அடுத்த கட்டமாக மலையுச்சியைப் பார்த்துவிடுகிறது. முன்பக்கத்துப் பாதைகள் எல்லாம் கடைசியில் ஒரே இடத்துக்கு வந்து சேர்வதால் யாரும் வழி தவறி வேறு பள்ளத்தாக்கில் போய் நிற்க மாட்டார்கள். நன்றாகச் சறுக்குகிறவருக்கு மலையின் பின்பக்கத்தில் கறுப்பு அடையாளப் பாதைகள் நிறையவே இருக்கின்றன, போய்விட்டு மதியச் சாப்பாட்டுக்கு எல்லாரோடும் சேர்ந்துகொள்ளலாம். சில நாள்களில் இரவிலும் முக்கியப் பாதையில் விளக்குப் போடுவார்கள், பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டம்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். முன்பக்கம் முழுக்க அந்த ஒரு லிஃப்டையே நம்பியிருக்கிறது. 2021 டிசம்பரில் யாரோ தீ வைத்து அது சேதமாகி, அந்தப் பருவத்தின் பெரும்பகுதி ஓடவில்லை. பின்பக்க லிஃப்டுகள் மெதுவானவை. பனி குறைந்த வருஷம் என்றால் டிசம்பரில் சில பாதைகள் மூடியிருக்கும், ஆகவே கிறிஸ்துமஸ் விடுமுறையைவிட ஜனவரி கடைசியோ பிப்ரவரி நடுவோ நல்லது.

ஊர்களைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஒப்பீடு முடியாது, ஏனென்றால் பிள்ளைகளுக்குச் சறுக்கலைவிட அதிக நாள் நினைவில் நிற்கப்போவது அதுவாகவும் இருக்கலாம். கிம்பர்லியின் சல்லிவன் சுரங்கம் உலகின் மிகப் பெரிய ஈய, துத்தநாகச் சுரங்கங்களில் ஒன்று. 1892-இல் கண்டுபிடித்தார்கள், 2001-இல் மூடினார்கள். தாது என்றாவது தீரும் என்று ஊர்க்காரர்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. அதனால் 1970-களிலேயே ஊரின் நடுப்பகுதியை ஜெர்மனியின் பவேரிய கிராமம் மாதிரி மாற்றி, வண்டிகள் வராத ஒரு சதுக்கத்தையும் பெரிய குக்கூ கடிகாரத்தையும் வைத்துச் சுற்றுலாவுக்குத் தயாரானார்கள். இப்படி யோசித்த சுரங்க ஊர்கள் குறைவு, எனக்கு அந்த ஊர் மேல் மரியாதை வந்ததே இதனால்தான். சுரங்கத்தின் தாது ஆலை இருந்த இடத்தில் 2015 முதல் 4,000-க்கும் மேற்பட்ட சூரியத் தகடுகள் மின்சாரம் தருகின்றன. நிலத்தடிச் சுரங்கத்துக்குள் கூட்டிப்போகும் சிறு ரயில் கோடையில் மட்டும்தான், குளிர்காலத்தில் அதை எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

ஃபெர்னியின் கதை நிலக்கரி, அதோடு நிறையத் துயரம். 1902 மே மாதம் கோல் கிரீக் சுரங்கத்தில் நடந்த வெடிப்பில் 128 பேர் இறந்தார்கள். 1908 ஆகஸ்டில் காட்டுத்தீ ஊரையே எரித்தது. அதற்குப் பிறகு செங்கல்லாலும் கல்லாலும் கட்டிய கட்டடங்கள்தான் இன்றைய கடைத்தெரு, உண்மையாகவே பார்க்க அழகான தெரு. நகர மன்றத்தைச் சுற்றி சுரங்கத் தொழிலாளர் வரலாற்றைச் சொல்லும் நடைபாதை ஒன்றும் உண்டு. கடைகள், உணவகங்கள், மாலை நேரக் கலகலப்பு இவற்றில் கிம்பர்லியைவிட ஃபெர்னி ஒரு படி மேல் என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

சாலை விஷயத்தில் ஃபெர்னிக்குக் கொஞ்சம் சாதகம். கால்கரியிலிருந்து 300 கிலோமீட்டர் அளவு, மூன்று மூன்றரை மணி நேரம். க்ரோஸ்நெஸ்ட் கணவாயில் பலத்த காற்று வீசும், ஓட்டும்போது கவனம். வழியில் 1903-இல் மலை சரிந்து ஃபிராங்க் என்ற சுரங்க ஊரின் ஒரு பகுதியைப் புதைத்த இடம் வரும், நெடுஞ்சாலையே அந்தப் பாறைக் குவியலுக்கு நடுவில்தான் போகிறது, பிள்ளைகளுக்குக் கட்டாயம் காட்டுங்கள். கிம்பர்லிக்கு கூட்னி தேசியப் பூங்கா வழியாகப் போக வேண்டும், நான்கரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், அந்தப் பூங்காவுக்குள் நெடுந்தூரத்துக்கு போன் சிக்னல் கிடைக்காது. விமானத்தில் வருகிறவர்களுக்கு கிரான்புரூக் விமான நிலையத்திலிருந்து கிம்பர்லி அரை மணி நேரத்துக்குள், ஃபெர்னி ஒரு மணி நேரத்துக்கு மேல். எந்த வழியானாலும் குளிர்கால டயர் சட்டப்படியே தேவை.

ராஸ்லாந்தில் இருக்கும் ரெட் மலையைப் பற்றியும் கேட்பார்கள். தங்கச் சுரங்க ஊர், 1968 ஒலிம்பிக்கில் ஸ்கீயில் தங்கம் வென்ற நான்சி கிரீன் வளர்ந்த ஊர், அருமையான மலை. ஆனால் கால்கரியிலிருந்து ஒரு பகல் முழுக்க ஓட்ட வேண்டும், சரிவுகளும் கடினம். பிள்ளைகள் நடுத்தரக் கடினமான நீல அடையாளப் பாதைகளில் தயங்காமல் இறங்கும் வரை அது காத்திருக்கட்டும். ஃபெர்னிக்கும் அதே கணக்குத்தான்: வீட்டில் எல்லாரும் நீலப் பாதைக்கு வந்துவிட்டால், அடுத்த குளிர்காலத்தில் சந்தோஷமாக ஃபெர்னிக்கு மாறிவிடுங்கள், அந்தப் பனியை அப்போதுதான் அனுபவிக்க முடியும்.

அப்புறம், பிப்ரவரி மூன்றாம் திங்கட்கிழமை வரும் குடும்ப தின விடுமுறை இப்போது ஆல்பர்ட்டாவுக்கும் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கும் ஒரே நாள். அந்த வார இறுதியில் இரண்டு மாகாணத்துக் கூட்டமும் சேர்ந்து வரும், குழந்தைகளுக்கான பயிற்சி வகுப்புகள் முதலில் நிரம்பிவிடும். அதைத் தவிர்க்க முடியாது என்றால் தங்குமிடத்துக்கு முன்னாலேயே வகுப்பைப் பதிவு செய்துவிடுங்கள்.