‘காலமானார்’ என்பதில் ‘ர்’ஐத் தின்ற மென்பொருள்

மரண அறிவித்தல் வாசிப்பது என் தொழில்களில் ஒன்று. மற்றவை கடைத் திறப்பு விழா, மலிவு விற்பனை, கோயில் திருவிழா. முன்பெல்லாம் ஓட்டோவின் பின் சீற்றில் மைக்கைப் பிடித்துக்கொண்டு திருகோணமலையில் உவர்மலையிலிருந்து உப்புவெளி வரை நேரடியாகவே கத்திக்கொண்டு போவேன். இப்போது வீட்டில் பதிவுசெய்து பென்ரைவில் போட்டுக் கொடுத்தால் போதும், ஓட்டோக்காரர் திரும்பத் திரும்பப் போடுகிறார். அதே பதிவு படங்களோடு சேர்ந்து வட்ஸ்அப்பில் கனடாவுக்கும் லண்டனுக்கும் போகிறது. வில்லங்கம் அங்கேதான். ஓட்டோ தலையில் கட்டிய புனல் ஸ்பீக்கரில் எந்த இரைச்சலும் தெரியாது, அதுவே ஓர் இரைச்சல். கனடாக்காரர் ஹெட்போன் போட்டுக் கேட்கிறார்.

போன வருடம் ஒரு பெரியவரின் அறிவித்தல். அனுப்பி ஒரு மணித்தியாலம் ஆகவில்லை, வெளிநாட்டிலிருந்து மகன் எடுத்தார். “அண்ணை, அப்பா ‘காலமானா’ எண்டு கேக்குது. ஆரோ பொம்பிளையைச் சொல்ற மாதிரி இருக்கு.” எங்கள் பேச்சில் ‘வந்தா’, ‘போனா’ என்றால் பெண்ணைத்தான் மரியாதையாகச் சொல்வது. கடைசி ‘ர்’ ஒன்று போனதில் ஐயா அம்மாவாகிவிட்டார். மூலப் பதிவைத் திறந்து கேட்டேன், ‘ர்’ இருந்தது. மின்விசிறிச் சத்தத்தை எடுக்கிறேன் என்று நான் முறுக்கிய முறுக்கில் அதுவும் சேர்ந்து போயிருக்கிறது. செத்த வீட்டாரிடம் மன்னிப்புக் கேட்பதைப் போலச் சங்கடம் வேறு இல்லை.

அதற்குப் பிறகுதான் இரைச்சல் நீக்கும் மென்பொருள்களை ஒழுங்காகச் சோதிக்கத் தொடங்கினேன். வீடியோக்களில் ‘முன்’, ‘பின்’ என்று போட்டுக் காட்டுவதை நம்பவில்லை. அவர்கள் பேசுவது ஆங்கிலம். எனக்குத் தேவையான சோதனை வாக்கியம் என் தொழிலிலேயே இருந்தது: “ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் நான்கு மணிக்கு... இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கின்றோம்.” இதில் ழ, ள, ற, ண எல்லாம் உண்டு. ர், ள், ம் என்று மெய்யில் முடியும் சொற்களும் உண்டு. ‘மணிக்கு’, ‘கேட்டு’ என்று அரை மூச்சில் முடிகிற குற்றியலுகரமும் உண்டு. தமிழில் ஆணா, பெண்ணா, மரியாதையா, ஒருமையா என்பதெல்லாம் சொல்லின் வாலில்தான் தொங்குகிறது. அந்த வால்தான் சத்தம் குறைந்த இடமும். இரைச்சல் நீக்கி முதலில் கை வைப்பது அங்கே.

என் பதிவறை என்பது வீட்டு விறாந்தைக்கு அடுத்த கூடம். பதினைந்துக்குப் பன்னிரண்டு அடி, உயர்ந்த கூரை, கீழே டைல்ஸ், ஒரு பக்கம் கண்ணாடி அலுமாரி. மே தொடங்கிக் கச்சான் காற்று வீச ஆரம்பித்தால் சன்னலைத் திறக்க முடியாது, தகரப் படலை அடித்துக்கொண்டே இருக்கும். சன்னலைச் சாத்தினால் விசிறி இல்லாமல் பத்து நிமிடம் இருக்க முடியாது. ஆக விசிறி அல்லது கச்சான், இரண்டில் ஒன்று என் பதிவில் இருக்கும்.

முதலில் ஓடாசிற்றி, ஒலியைப் பதிந்து வெட்டி ஒட்டும் மென்பொருள். இலவசம், திறந்த மூலம், 2000ஆம் ஆண்டிலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் இரண்டு பேர் தொடங்கியது. 2021இல் மியூஸ் குரூப் பொறுப்பெடுத்தது. என் பழைய மடிக்கணினியிலும் ஓடுகிறது, இணையம் தேவையில்லை. இதன் இரைச்சல் குறைப்பு வேலை செய்யும் விதம் தெரிந்தால்தான் அந்த ‘ர்’ எப்படிப் போனது என்பது விளங்கும். முதலில் நீங்கள் பேசாத ஒரு துண்டைக் காட்டி, “இதுதான் இரைச்சல்” என்று படிப்பிக்க வேண்டும். அது ஒலியைக் கீழ்ச்சுருதி முதல் மேல்சுருதி வரை நூற்றுக்கணக்கான பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டையிலும் விசிறி எவ்வளவு சத்தம் போடுகிறது என்று குறித்துக்கொள்கிறது. பிறகு முழுப் பதிவிலும் எந்தப் பட்டை அந்த அளவுக்கு மேலே எழும்புகிறதோ அதற்குக் கதவைத் திறக்கிறது, எழும்பாததற்குச் சாத்துகிறது. ‘கா’, ‘மா’ எல்லாம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கதவால் போய்விடும். ‘ர்’ விசிறிச் சத்தத்தின் உயரத்திலேயே தலை குனிந்து வருகிறது. கதவு சாத்தப்படுகிறது.

இரைச்சலை எவ்வளவு குறைப்பது என்பதற்கு நான் அன்று வைத்திருந்த அளவு 24 டெசிபல். இப்போது 8க்கு மேல் போவதில்லை. விசிறி மெல்லக் கேட்கும், கேட்கட்டும். ஒரே அடியாக உறிஞ்சினால் வேறொரு கோளாறும் வரும்: பேச்சுக்கு அடியில் சின்னச் சின்ன விசில்கள், தண்ணீருக்குள் மணி அடிப்பது போல. அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கதவுகள் திறந்து மூடுவதால் வரும் சத்தம் அது. இரைச்சலைக் கணித்து ஒலியிலிருந்து கழிக்கும் முறையை ஸ்டீவன் போல் 1979இல் எழுதிய கட்டுரை பிரபலமாக்கியது. அந்தக் காலத்திலிருந்தே இந்த விசில் தொல்லையும் கூட வருகிறது.

ஓடாசிற்றியில் பலரும் தொடாத ஒரு பொத்தான் இருக்கிறது, ரெசிடியூ. அதைத் தெரிவுசெய்தால், மென்பொருள் எதை எறியப்போகிறதோ அதை மட்டும் போட்டுக் காட்டும். என்னைப் பொறுத்தவரை இந்தப் பெட்டியிலேயே பெறுமதியானது இதுதான். எறிவதில் வெறும் ‘உஸ்ஸ்’ கேட்டால் சரி. அந்த உஸ்ஸுக்குள் என் குரல் முணுமுணுத்தால் அளவு கூடிவிட்டது. அரிசி களைகிற அம்மா கழுநீரைக் கொட்டுமுன் கையை விட்டுப் பார்ப்பாவே, அது போல. பழைய கோப்பை எடுத்து 24இல் வைத்து ரெசிடியூவைக் கேட்டேன். விசிறிச் சத்தத்துக்குள் வரிசையாக ‘ர்’, ‘ள்’, ‘ம்’, ‘கு’. என் இறுதி எழுத்துகள் எல்லாம் அங்கே கிடந்தன.

விசிறிக்கு இது போதும், ஏனென்றால் விசிறி ஒரே மாதிரிச் சுற்றுகிறது. கச்சானுக்குப் போதாது. ஒரு நொடி படலை அடிக்கும், மறு நொடி காகம், அதற்கடுத்து பாண்காரரின் ஓட்டோ மெட்டுப் போட்டுக்கொண்டு வரும். காட்டிப் படிப்பித்த துண்டு ஒன்று, வருகிற சத்தம் வேறொன்று. இங்கேதான் பேச்சு எது, மற்றது எது என்று நரம்பு வலையமைப்பால் பழக்கப்பட்ட கருவிகள் வேண்டும். ஓபிஎஸ் என்ற நேரலை மென்பொருளைப் பாவிக்கிறவர்களுக்கு ஆர்என்நொய்ஸ் என்ற அப்படியான கருவி தெரிந்திருக்கும், ஓபிஎஸ்ஸின் இரைச்சல் வடிகட்டியிலேயே ஒரு தெரிவாக இருக்கிறது. சின்னது, இலவசம், பேசப் பேசவே வேலை செய்யும். சூம் கூட்டத்துக்குத் தங்கம். அறிவித்தலுக்கு அவ்வளவு இல்லை, குரல் கொஞ்சம் மெலிந்து வரும்.

கோப்பை ஏற்றிவிட்டுக் காத்திருக்கும் இணையச் சேவைகளில் அடோபியின் பொட்காஸ்ட் தளத்தில் உள்ள என்ஹான்ஸ் ஸ்பீச் எல்லோருக்கும் தெரிந்தது. இலவசமாகவும் பாவிக்கலாம், கோப்பின் நீளத்துக்கு வரம்பு உண்டு. மூதூரில் ஒருவர் தொலைபேசியில் பேசி அனுப்பிய இரங்கல் உரையை அதில் போட்டேன். வெளியே வந்தபோது வானொலி நிலையத்தில் உட்கார்ந்து பேசியது போல இருந்தது. அவரே கேட்டுவிட்டு, “தம்பி, இது என்ர குரல்தானோ?” என்றார். பாராட்டா குறையா என்று நான் கேட்கவில்லை.

அவர் கேட்டதில் விஷயம் இருக்கிறது. இந்த வகைக் கருவிகள் பதிவைக் கழுவுவதோடு நிற்பதில்லை, கேட்டதை வைத்துக் குரலைக் கிட்டத்தட்ட மறுபடியும் வார்க்கின்றன. பெயர் வேண்டாம், வேறொரு சேவையில் கச்சான் நாளில் எடுத்த பதிவு ஒன்றை ஏற்றினேன். நான் மூச்சு விட நிறுத்திய இடத்தில், படலைச் சத்தம் இருந்த இடத்தில், யாரோ ஒருவர் அடித்தொண்டையில் ஏதோ முனகினார். எந்த மொழியும் இல்லை. காற்றைப் பேச்சென்று எண்ணி அதற்கு வாய் கொடுத்திருக்கிறது. மரண அறிவித்தலின் நடுவில் அடையாளம் தெரியாத ஒருவர் முனகினால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ‘கிழமை’ பாதி இடங்களில் ‘கிளமை’யாகவும் வந்தது. அந்தக் கோப்பை அழித்துவிட்டேன், கணக்கையும்தான்.

ஓஃபோனிக் என்ற இன்னொரு இணையச் சேவை பற்றி ஒரு வார்த்தை. ஒஸ்ரியாவின் கிராஸ் நகரத்தவர்கள் நடத்துவது, மாதம் 2 மணித்தியாலம் இலவசம். இரைச்சலை விட, சத்த அளவைச் சமப்படுத்துவதில்தான் எனக்கு உதவுகிறது. டேட்டாக் கணக்கைப் பார்க்கிறவர்களுக்கு: ஒற்றைத் தடத்தில் சாதாரண தரத்தில் ஒரு நிமிட வேவ் கோப்பு ஏறத்தாழ 5 எம்பி. என் மூன்று நிமிட அறிவித்தலுக்குப் பரவாயில்லை. ஒரு மணி நேரச் சொற்பொழிவை ஏற்றுகிறவர் யோசிக்க வேண்டும்.

இனி ரிவேர்ப், அதாவது அறையின் முழக்கம். இரைச்சலை விட இதுதான் என் தலையிடி. அறிமுகமான ஒருவர் என் பதிவைக் கேட்டுவிட்டு, “கிணத்துக்குள்ள இருந்து கதைக்கிறியோ?” என்று ஒரே வரியில் அனுப்பியிருந்தார். கூடத்தில் பேசினால் குரல் நேரே மைக்குக்குப் போவது ஒன்று. சுவரில், டைல்ஸில், கண்ணாடியில் பட்டுத் திரும்பி வருவது ஆயிரம். ஒலி நொடிக்குச் சுமார் 350 மீற்றர் போகும். இரண்டு மீற்றர் தள்ளியிருக்கும் சுவரில் பட்டு வந்தால், நூறில் ஒரு நொடிக்குச் சற்று மேல் பிந்தி வந்து ஒட்டிக்கொள்கிறது. மலையில் கூப்பிட்டால் தனியாகக் கேட்கும் எதிரொலி இல்லை இது. சொல்லின் மேலேயே பூசின சாயம். விசிறிக்குச் செய்தது போலப் ‘பேசாத துண்டைக் காட்டிப் படிப்பிக்க’ முடியாது, ஏனென்றால் நான் வாயை மூடினால் ரிவேர்பும் ஓய்ந்துவிடும். எறிய வேண்டியதும் வைத்திருக்க வேண்டியதும் ஒரே குரல். ஓடாசிற்றியோடு வரும் கருவிகளில் ரிவேர்பைச் சேர்க்க ஒன்று உண்டு, எடுக்க ஒன்றும் இல்லை.

இதற்கென்றே செய்தவற்றில் ஐசோட்டோப் நிறுவனத்தின் ஆர்எக்ஸ் பெரிய பெயர். 2007இலிருந்து வருகிறது, திரைப்பட ஒலிக்காரர்கள் பாவிப்பது. ஒலியைப் படமாக விரித்துக் காட்டும், காகத்தின் கரைச்சலைத் தூரிகையால் அழிப்பது போல அழிக்கலாம். அதன் ரிவேர்ப் நீக்கியிலும் எறிவதை மட்டும் கேட்கும் வசதி இருக்கிறது, எனக்கு உடனே பிடித்தது. ஆனால் முழுப் பதிப்பின் விலை டொலரில். ஓர் அறிவித்தலுக்கு நான் வாங்கும் ரூபாவை நினைத்தால், யானை வாங்கி அங்குசத்துக்கு அலைகிற கதை கூட இல்லை, யானையே கட்டுப்படியாகாது. வீடியோ, திருமணப் படப்பிடிப்பு என்று நிறைய வேலை உள்ளவர்கள் தாராளமாக வாங்கலாம்.

சுப்பர்ரோன் கிளியர் என்ற கொரிய பிளக்-இன்தான், அதாவது இன்னொரு மென்பொருளுக்குள் செருகிப் பாவிக்கும் துணைக் கருவிதான், எனக்குச் சரிவந்தது. 2023இல் கோயோ என்ற பெயரில் இலவசமாகச் சோதனைக்கு விட்டிருந்தார்கள். மூன்றே மூன்று குமிழ்கள்: சுற்றுச் சத்தம், குரல், குரலின் ரிவேர்ப். அம்மாவுக்குக் கொடுத்தாலும் திருகுவா. மூன்றாவது குமிழை முழுதாகக் குறைத்தால் குரல் பஞ்சு மூட்டைக்குள் இருந்து வரும், ‘ம்’ நசுங்கும். பாதிக்குச் சற்று மேலே நிறுத்தினால் கூடம் சின்ன அறையாகிவிடுகிறது. சோதனை வாக்கியத்தில் ‘கிழமை’ கிழமையாகவே இருந்தது, ‘நண்பர்கள்’ என்பதில் ‘ள்’ நாக்கை மடித்த இடத்தில் கேட்டது. ஓடாசிற்றி 3.2 பதிப்பிலிருந்து இந்த வகை பிளக்-இன்களை உள்ளேயே சேர்த்துக் கேட்டுக்கொண்டே திருகலாம், அதனால் புதிதாக ஒன்று படிக்கத் தேவையில்லை.

ஆனால் மென்பொருள் மதிப்பீட்டில் சொல்லக் கூடாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அறுபது வீத ரிவேர்பை எடுத்தது கிளியர் இல்லை, அம்மாவின் சேலை அலுமாரி. வீதம் என் காதுக் கணக்கு, யாரும் அளக்கவில்லை. கதவுகளைத் திறந்து வைத்து, சேலைகளுக்கு முகம் கொடுத்து, மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் பிடித்துப் பேசுகிறேன். தூரம் பாதியானால் நேர்க்குரல் 6 டெசிபல் கூடும். கூடத்தின் முழக்கம் அப்படியே இருக்கும், ஆக அது தானாகப் பின்னுக்குப் போகிறது. அந்துருண்டை மணத்தில் தும்மல் வரும், அது ஒன்றுதான் தொல்லை. அலுமாரியில் எடுத்ததைக் கிளியரில் கால்வாசி திருகி, ஓடாசிற்றியில் 6 டெசிபல் குறைத்தால் முடிந்தது.

வேலை இப்போது விடிய ஐந்து மணிக்கு. காகம் எழும்பவில்லை, கச்சான் அடங்கியிருக்கும், விசிறி வேண்டாம். போன கிழமை ஓர் ஆச்சியின் அறிவித்தல். ‘காலமானார்’ என்பதை மூன்று முறை வாசித்து மூன்றாவதை எடுத்தேன். அது முடிந்த கையோடு சுவரில் பல்லி ‘ச்சு ச்சு ச்சு’ என்றது. படமாக விரித்துப் பார்த்தால், ‘ர்’ இன் மங்கல் வாலுக்குப் பக்கத்தில் நெட்டுக்குத்தாக மூன்று கோடுகள். அதை எந்தக் கருவியிடமும் கொடுக்கவில்லை. ‘ர்’ இல் படாமல் கையால் வெட்டினேன். அம்மா பின்னால் நின்று பார்த்துவிட்டு, “பல்லி சொன்னதை ஏனடா வெட்டுறாய்?” என்றா.