ப்ரொடக்டிவிட்டி கன்சல்டன்சி சர்வீஸ்: எங்க ஆபீஸ்ல எடுத்துப் பாத்ததை வச்சு ஒரு ரிவ்யூ

ஆபீஸோட ப்ரொடக்டிவிட்டியைக் கூட்டுறதுக்கு ஸ்ட்ராட்டஜி போட்டுத் தரோம், கூடவே இருந்து அதை நடைமுறைக்கும் கொண்டு வந்து தரோம்னு சொல்ற ஒரு கன்சல்டன்சியை நாங்க எடுத்திருந்தோம். பேர் போடல, ஏன்னா பாராட்டுறதுக்கும் இருக்கு, கோவப்படுறதுக்கும் இருக்கு, அதோட இந்த மாதிரி சர்வீஸ் குடுக்கிற யாரை எடுத்தாலும் பாக்க வேண்டிய விஷயம் ஒன்னுதான். எங்க வேலை விண்ணப்பங்களை வாங்கி ஆவணம் சரிபாத்து, அப்ரூவல் வாங்கி அனுப்புறது. ஆளுங்க எல்லாரும் மூச்சு விடாம வேலை பாக்குறாங்க, ஆனா விண்ணப்பம் போட்டவங்க மட்டும் எப்ப முடியும் எப்ப முடியும்னு போன் பண்ணிக்கிட்டே இருக்காங்க, இதான் பிரச்சனை.

இந்த சர்வீஸ்லயே எனக்கு ரொம்பப் பிடிச்சது முதல் கட்டம். வந்தவுடனே பிபிடி போட்டு உக்காருவாங்கன்னு நினைச்சேன், அப்படிப் பண்ணல. நாலஞ்சு விண்ணப்பத்தை எடுத்துக்கிட்டு, அது உள்ள வந்ததுல இருந்து வெளிய போற வரைக்கும் எந்த டேபிள்ல எவ்ளோ நேரம் இருந்துச்சுன்னு கூடவே போய்ப் பாத்து எழுதினாங்க. மேனேஜர்கிட்ட கேக்கல, அந்த வேலையைச் செய்றவங்ககிட்டயே "இது உங்க கைக்கு வர்றதுக்கு முன்னாடி எங்க கிடந்துச்சு மேடம், நீங்க முடிச்சப்பறம் எங்க போய்க் கிடக்கும்"னு கேட்டாங்க. கடைசியில செவுத்துல பேப்பர் ஒட்டி மொத்தப் பாதையையும் வரைஞ்சப்ப எங்க எல்லாருக்கும் ஷாக். ஒரு விண்ணப்பத்து மேல ஒருத்தர் நிஜமாவே கை வச்சு வேலை பாக்குற நேரம் ரொம்பக் கொஞ்சம், மத்த நேரம் பூரா அது ரெண்டாவது கையெழுத்துக்காகவோ, விட்டுப்போன ஆவணத்துக்காகவோ, வாராந்திர மீட்டிங்குக்காகவோ சும்மா காத்துக்கிட்டு கிடக்குது. திரும்பி வர்ற விண்ணப்பங்கள்ல பெரும்பாலானது ஒரே ஒரு ஆவணம் இல்லாமத்தான் திரும்புது, அதுக்குக் காரணம் எங்க பாரத்துல அந்த இடத்துல எழுதியிருந்த குழப்பமான ஒரு வரி! அந்த வரியை மாத்தினதுமே திரும்பி வர்றது கண்கூடா குறைஞ்சுது. யாரையும் வேகமா வேலை பாருங்கன்னு சொல்லாமயே இது நடந்துச்சு, அதனாலதான் இந்தக் கட்டத்துக்குக் குடுத்த காசு வீண் இல்லன்னு சொல்றேன்.

அடுத்ததா அவங்க சொல்லிக் குடுத்த கணக்கு ஒன்னு. வரிசைகளைப் பத்தி ஜான் லிட்டில் 1961ல நிரூபிச்ச விதி அது, கேக்க ரொம்ப சிம்பிள்: கையில நிலுவையில இருக்குறதை, ஒரு நாளைக்கு முடிக்கிற எண்ணிக்கையால வகுத்தா, சராசரியா ஒரு விண்ணப்பம் முடிய எத்தனை நாள் ஆகும்னு வந்துடும். உதாரணத்துக்கு 200 விண்ணப்பம் நிலுவை, நாளைக்கு 20 முடியுதுன்னா 10 நாள். அப்ப நாள் குறையணும்னா ஒன்னு வேகம் கூடணும், இல்லன்னா ஒரே நேரத்துல திறந்து வச்சிருக்கிறது குறையணும். எல்லாத்தையும் பாதி பாதி ஆரம்பிச்சு வச்சிருக்குறது சுறுசுறுப்பு மாதிரிதான் தெரியும், ஆனா காத்திருக்கிற நேரத்தை ஏத்துறதே அதுதான்.

இதோட சேந்த இன்னொன்னை எல்லா மேனேஜ்மெண்ட்டும் கேட்டே ஆகணும். ஆளுங்க 100 சதவீதம் பிஸியா இருந்தா ப்ரொடக்டிவிட்டி நல்லா இருக்குன்னு ஒரு நம்பிக்கை எல்லா இடத்துலயும் இருக்கு. வேலை ஒரே சீரா வராம ஏறி இறங்கி வர்ற இடத்துல இது நேர் எதிரா வேலை செய்யும். ஒரே ஆள் கவனிக்கிற வரிசையோட அடிப்படைக் கணக்குப்படி அந்த ஆள் 80 சதவீதம் பிஸின்னா ஒரு வேலை வரிசையில காத்திருக்கிற சராசரி நேரம் அந்த வேலையைச் செய்ற நேரத்தைப் போல 4 மடங்கு, 90 சதவீதம்னா 9 மடங்கு, 95 சதவீதம்னா 19 மடங்கு. ரோடு முழுக்க வண்டி நிரம்பிட்டா எதுவுமே நகராதுல்ல, அதேதான். எங்க மேலிடத்துல இதைக் காட்டினப்ப ரொம்ப நேரம் வாக்குவாதம் நடந்துச்சு, கன்சல்டன்ட்ஸ் பொறுமையா உக்காந்து எங்க சொந்த டேட்டாவையே போட்டுக் காட்டினாங்க. அதுக்கப்பறம்தான் ஒரு ஆளுக்குக் கொஞ்சம் இடைவெளி இருக்குறது சோம்பேறித்தனம் இல்லன்னு மேலிடம் ஒத்துக்கிட்டாங்க. அந்தப் பொறுமைக்கு என் மனசார நன்றி.

ஆனா இதையெல்லாம் விட முக்கியமானது வேற. முதல் கூட்டத்துலயே எங்க டீம்ல ஒருத்தர் எழுந்து "வேலையை வேகமா முடிச்சுக் குடுத்தா எங்கள்ல பாதிப் பேரை அனுப்பிடுவீங்களா சார்?"னு நேரடியா கேட்டார். எல்லாரும் மனசுக்குள்ள வச்சிருந்த கேள்வி அது. அதுக்கு அந்த சீனியர் கன்சல்டன்ட் குடுத்த பதில் எனக்கு இன்னமும் பிடிச்சிருக்கு. ஜப்பான்ல 1955ல ப்ரொடக்டிவிட்டி மையம் ஆரம்பிச்சப்பவே மூணு கொள்கை வகுத்தாங்களாம். வேலைவாய்ப்பைக் காப்பாத்தி பெருக்கணும், நிர்வாகமும் தொழிலாளர்களும் சேந்து பேசித்தான் மாற்றம் செய்யணும், கிடைக்கிற பலனை எல்லாருக்கும் நியாயமா பங்கு போடணும். இதைச் சொல்லிட்டு, அங்கயே எங்க மேலிடத்தைப் பாத்து "இதுல முதல் ஒன்னையாவது எழுத்துல குடுங்க, இல்லன்னா நாங்க மேல போறதுல அர்த்தம் இல்ல"ன்னுட்டார். மிச்சமாகுற நேரத்தால யாருக்கும் வேலை போகாதுன்னு மேலிடம் சர்க்குலர் போட்டாங்க. அந்த ஒரு பேப்பர் வந்த பிறகுதான் எங்க ஆளுங்க எந்த இடத்துல நேரம் வீணாகுதுன்னு உண்மையைச் சொல்ல ஆரம்பிச்சாங்க. இது இல்லாம எந்த ஸ்ட்ராட்டஜியும் வேலைக்கு ஆகாது, ஏன்னா விஷயம் தெரிஞ்சவங்க வாயே திறக்க மாட்டாங்க.

ஸ்ட்ராட்டஜி டாக்குமெண்ட் சின்னதுதான், அது நல்லது. உள்ள போடுற ஆள்நேரத்துக்கு வெளிய எவ்ளோ வருதுங்கிறதுதான் ப்ரொடக்டிவிட்டின்னா, வெளிய வர்றதுன்னு எதை எண்றோம்? முடிச்ச விண்ணப்பம்னு இல்லாம, முதல் தடவையிலேயே தப்பில்லாம முடிஞ்ச விண்ணப்பம்னு வச்சாங்க. அது ஒன்னு, வந்ததுல இருந்து முடியுற வரைக்கும் ஆகுற நாள் ஒன்னு, ரெண்டே அளவுதான். கூடவே நிறுத்த வேண்டிய வேலைகள்னு ஒரு பக்கம் இருந்துச்சு, யாரும் படிக்காத ரிப்போர்ட்டுங்க எல்லாம் அதுல போச்சு.

நடைமுறைப்படுத்துறதை முன்னோட்டமா ஒரே ஒரு டீம்ல, அதாவது பைலட் டீம்ல ஆரம்பிச்சாங்க. யார் கையில எந்த விண்ணப்பம் இருக்குன்னு காட்டுற ஒரு போர்டு, ஒரு ஆள் ஒரே நேரத்துல இத்தனைக்கு மேல திறந்து வைக்கக் கூடாதுன்னு ஒரு வரம்பு, காலையில போர்டு முன்னாடி நின்னுக்கிட்டே 15 நிமிஷம் பேச்சு. ஆரம்பத்துல வேகம் குறைஞ்ச மாதிரிதான் இருந்துச்சு, தன் கையில இருக்குறதை முடிச்சவர் புதுசை எடுக்காம பக்கத்துல திணறுறவருக்கு உதவணும்கிற பழக்கம் வர டைம் எடுக்கும், இந்த நேரத்துலதான் நிறைய ஆபீஸ் பயந்து பழையபடி திரும்பிடும்னு முன்கூட்டியே எங்களை எச்சரிச்சாங்க. சிக்கல் இல்லாத விண்ணப்பத்துக்கு ரெண்டாவது கையெழுத்தே வேணாம்னு அதிகாரத்தைக் கீழ இறக்கினதும்தான் நாள் கணக்கு நிஜமா இறங்குச்சு. இங்க ஒன்னு சொல்லணும், போர்டு மாட்டுறது ஈஸி, அதிகாரத்தை விட்டுக் குடுக்குறதுதான் கஷ்டம். அதை மேலிடத்துகிட்ட வெளியாள் ஒருத்தர் எடுத்துச் சொன்னதால நடந்துச்சு, உள்ள இருந்து நாங்க கேட்டப்ப நடக்கல.

இனி குறைகள். பைலட் டீம் தேறின உடனே சீனியர் கிளம்பிட்டார், அடுத்த டீமுக்கு ஜூனியர்ஸ் மட்டும் ஒரு டெம்ப்ளேட்டோட வந்தாங்க. ஃபேக்டரியில ஒரு மெஷின் எவ்ளோ நல்லா பயன்படுதுன்னு பாக்கப் போடுற ஓஇஇ (OEE) கணக்கு இருக்கில்ல, ஓடுற நேரம், வேகம், தரம் மூணையும் பெருக்குறது, அதை அப்படியே ஆளுங்களுக்குப் போடுற எக்செல் ஷீட். மெஷின் நின்னா அது நஷ்டம்தான். ஆனா ஆவணத்துல ஏதோ இடிக்குதேன்னு ஒருத்தர் கையை எடுத்துட்டு யோசிக்கிறதை நின்னுபோன நேரம்னு கணக்கு எழுதினா அது அநியாயம், நான் இதை அங்கயே சொன்னேன்.

அடுத்தது அவங்க கூடவே விக்கிற டாஷ்போர்டு. யார் எத்தனை முடிச்சாங்கன்னு பேர் போட்டு ரேங்க் காட்டும், ஸ்கிரீன்ல எத்தனை நிமிஷம் அசைவு இல்லன்னும் காட்டும். அந்த ரெண்டாவது டீம்ல இதை ட்ரையல் போட்டாங்க. என்ன ஆச்சுன்னா எல்லாரும் ஈஸியானதை முதல்ல எடுத்தாங்க, சிக்கலான விண்ணப்பம் அடியில தங்கிடுச்சு, பக்கத்துல இருக்கிறவருக்கு உதவுறதும் நின்னுபோச்சு. ஒரு அளவையே இலக்காக்கி நெருக்கினா அந்த அளவு நம்ப முடியாம போயிடும்னு பொருளாதார நிபுணர் சார்லஸ் குட்ஹார்ட் 1975லயே சொன்னது, இந்தத் தொழில்ல இருக்குறவங்களுக்குத் தெரியாத விஷயமே இல்ல. தெரிஞ்சும் விக்கிறாங்கங்கிறதுதான் எனக்கு வருத்தம். டீம் அளவுல மொத்தமா காட்டுங்கன்னு மாத்தச் சொல்லிக் கேட்டோம், சாப்ட்வேர்ல அந்த வசதி இல்லன்னுட்டாங்க, வேணாம்னு எடுத்துட்டோம்.

யாருக்கு இது சரிவரும்னு கேட்டா, வேலை பல கை மாறிப் போற ஆபீஸுக்கு நல்லா சரிவரும். எல்லாமே ஒரே ஆள் ஆரம்பிச்சு முடிக்கிற வேலைன்னா இவ்ளோ பெரிய ஏற்பாடு தேவையில்ல. ஆளைக் குறைக்கிறதுக்கு ஒரு சாக்கு வேணும்னு தேடுற மேனேஜ்மெண்ட் தயவுசெஞ்சு இதை எடுக்காதீங்க, உங்க ஆளுங்களோட நம்பிக்கையும் சேந்து போயிடும்.

கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க: முதல் நாள் வர்ற சீனியர் கடைசி டீம் வரைக்கும் இருப்பாரா, எத்தனை நாள் நேர்ல இருப்பார்னு ஒப்பந்தத்துல எழுதுவீங்களா? எங்க ஆளுங்கள்ல ரெண்டு பேருக்கு இந்த வேலையையே கத்துக்குடுத்துட்டுப் போவீங்களா? டாஷ்போர்டு இல்லாம சர்வீஸ் மட்டும் தருவீங்களா? அவங்க போனப்பறம் எங்க பைலட் டீம் போர்டு தானா ஓடுது, வரம்பைக் கூட அவங்களே கூடிப் பேசி மாத்திக்கிறாங்க. ரெண்டாவது டீம்ல இன்னமும் தடுமாற்றம்தான், அதைப் பைலட் டீம்ல இருந்து ரெண்டு பேர் போய் மறுபடி முதல்ல இருந்து, விண்ணப்பத்தோட கூடவே போய்ப் பாக்குறதுல இருந்து ஆரம்பிச்சிருக்காங்க. 5க்கு முதல் பாதிக்கு நாலரை குடுப்பேன், ரெண்டாவது பாதிக்கு ரெண்டுக்கு மேல குடுக்க மனசு வரல.